ஈரலில் கொழுப்பு: பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்

பிள்ளைகள் நலம் – வாசகர் கேள்வி பதில்

தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலையில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். நிறை கூடிய பிள்ளைகளை ஏன் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் அதில் சொல்லியிருந்தோம். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: "ஸ்கேன் எடுத்தால் ஈரலில் கொழுப்பு என்கிறார்கள், இனி என்ன செய்வது?" ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம். பிள்ளைகளின் விஷயம் என்பதால் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம்.

மகனுக்குப் பத்து வயது. உயரம் 136 சென்ரிமீற்றர், நிறை 46 கிலோ. ஸ்கேனில் 'கிரேட் 1 ஃபெட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. இரத்தத்தில் பார்க்கும் ஈரல் நொதியமான எஸ்ஜிபிடி 62. எங்கள் குடும்பத்தில் யாரும் குடிப்பதில்லை. பிள்ளைக்கு எப்படி ஈரல் வருத்தம் வரும்? 'வளர வளர வத்திப்போகும், விடு' என்கிறார் அவருடைய அப்பா. மாமி இரவுச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், ஆரையம்பதி

ஈரலில் கொழுப்புச் சேர மது வேண்டியதில்லை. சீனியும் மாச்சத்தும் உடம்பு செலவழிக்கும் அளவைத் தாண்டி உள்ளே போனால், ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றித் தன் கலங்களுக்குள்ளேயே அடுக்கத் தொடங்கும். ஈரலில் 5 வீதத்துக்கு மேல் கொழுப்புச் சேர்ந்துவிட்டால் அதுதான் கொழுப்பு ஈரல். மதுவோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை மாற்றுவதற்காகவும் 2023 இல் இந்த நோயின் மருத்துவப் பெயரையும் மாற்றினார்கள். அனுசேபக் குழப்பத்தோடு, அதாவது உடம்பு உணவைப் பயன்படுத்தும் முறையில் வரும் குழப்பத்தோடு, சேர்ந்த கொழுப்பு ஈரல் என்பது புதிய பெயரின் பொருள். தெற்காசியரான எங்களுக்கு ஆள் பெரிதாகத் தெரியாமலேயே வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புச் சேரும் தன்மை வேறு கூடுதலாக உண்டு. ஆகவே யாரும் எந்தப் பாவமும் செய்யவில்லை. பிள்ளையையும் குற்றம் சொல்லாதீர்கள்.

அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துத்தான் வைத்தியமே நடக்கிறது. கணக்கைப் பாருங்கள். நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, நிறையை உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. உங்கள் மகனுக்கு 46 ஐ 1.36 ஆல் இரு தடவை வகுக்க 24.9 வரும். பத்து வயது ஆண் பிள்ளைக்கு 18.5 க்கு மேல் போனால் நிறை கூட, 21.4 க்கு மேல் போனால் உடற்பருமன். மகன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்.

இந்த வயதில் வருடத்துக்கு 6 சென்ரிமீற்றர் வளர்கிறார் என்று வையுங்கள். நிறை 46 கிலோவிலேயே நின்றால், பதினொரு வயதில் 142 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சுட்டி 22.8. பன்னிரண்டு வயதில் 148 சென்ரிமீற்றருக்கு 21.0. பன்னிரண்டு வயது ஆண் பிள்ளைக்கு உடற்பருமன் எல்லை 23.6. ஒரு கிலோகூடக் குறையாமலே பிள்ளை அந்த எல்லைக்குக் கீழே வந்துவிடுகிறார். நிறையை நிறுத்திப் பிடித்தால் உயரம் வந்து சமப்படுத்திவிடும். ஆனால் அது தானாக நடப்பதில்லை. விட்டுவிட்டால் உயரத்தோடு நிறையும் சேர்ந்தே ஏறும், இந்தக் கணக்கு முழுவதும் பிழைத்துப்போகும். அப்பாவின் பேச்சில் பிழையான பாதி அதுதான்.

மாமி சொல்வதைக் கேட்காதீர்கள். வளரும் பிள்ளையின் சாப்பாட்டை நிறுத்தினால் கொழுப்போடு தசையும் கரையும், எலும்புக்கும் போதாது. இரவு வெறும் வயிற்றோடு படுத்த பிள்ளை நடுச்சாமத்தில் பிஸ்கட் டின்னைத் திறக்கும். ஆறு முதல் பதினொரு வயது வரை நிறையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று வைத்தியர் சொன்னால்கூட, மாதத்துக்கு அரைக் கிலோ அளவில் மெதுவாகத்தான் குறைப்பார்கள். மாதத்தில் ஒரு தடவை, ஒரே தராசில், காலையில் நிறுத்துப் பார்த்தால் போதும். தினமும் தராசில் ஏற்றுவது பிள்ளையை நோகடிக்கும்.

எஸ்ஜிபிடி 62 என்பது கவனிக்க வேண்டிய அளவு. ஆண் பிள்ளைக்கு மேல் எல்லை 26. அதன் இரண்டு மடங்கான 52 ஐயும் உங்கள் மகன் தாண்டிவிட்டார். மூன்று மாதத்துக்குள் திரும்ப எடுங்கள். அதே நேரம் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டி, வேறு காரணங்கள் இல்லை என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். செங்காமாலைக் கிருமிகளான பி, சி, தைரொயிட், வெறும் வயிற்றுச் சீனி, இரத்தக் கொழுப்பு, செப்பு சம்பந்தப்பட்ட சோதனை ஆகியவற்றை அவர் எழுதுவார். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போக உங்கள் ஊரில் இருந்து அதிக தூரம் இல்லை. பழைய ரிப்போர்ட், ஸ்கேன், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அளவு 80 ஐத் தாண்டினால் மூன்று மாதம் காத்திருக்கக்கூடாது.

மகளின் எஸ்ஜிபிடி 38. ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'சரியான அளவு' என்று அச்சிட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது. வயிற்று ஸ்கேனும் சரி. ஆனால் டொக்டர் கவனமாக இருக்கச் சொல்கிறார். தேவையில்லாமல் பயப்படுத்துகிறாரா?
– வாழைச்சேனை

இல்லை, அவர் சரியாகச் சொல்கிறார். பெரும்பாலான பரிசோதனைக்கூடங்கள் அச்சிடும் எல்லை பெரியவர்களுக்கானது, 40 அல்லது அதற்கும் மேலே. பெண் பிள்ளைக்கு 22, ஆண் பிள்ளைக்கு 26 என்பதே நிறை கூடிய பிள்ளைகளுக்கு நாங்கள் பார்க்கும் மேல் எல்லை. சாதாரண ஸ்கேனும் ஈரலில் ஏறக்குறைய 20, 30 வீதம் கொழுப்புச் சேர்ந்த பிறகுதான் நிச்சயமாகக் காட்டும். சிறிய அளவைத் தவறவிடும். அதேபோல 'கிரேட் 1', 'கிரேட் 2' என்பது கொழுப்பின் அளவைச் சொல்லுமே தவிர, ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைச் சொல்லாது.

இரத்தம் எடுக்கும் நாளைப் பற்றி ஒரு சிறிய விஷயம். காய்ச்சல் முடிந்த கையோடு அல்லது விளையாட்டுப் போட்டிக்கு மறுநாள் எடுத்தால் அளவு கூடிக் காட்டக்கூடும். இரண்டு வாரம் விட்டு எடுங்கள். எஸ்ஜிபிடிக்கு வெறும் வயிறு தேவையில்லை. சீனியும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதென்றால் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

என்ன சாப்பாடு கொடுப்பது என்று யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. 'எண்ணெய் குறையுங்கள், கொழுப்புக் குறையுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். தேங்காய்ப் பால் இல்லாமல் எப்படிச் சமைப்பது? மகன் புலமைப்பரிசில் வகுப்புக்குப் போகிறார், பசி தாங்க மாட்டார்.
– களுவாஞ்சிக்குடி

தேங்காயை விட்டுவிடுங்கள், முதலில் கோப்பையைப் பாருங்கள். பிள்ளைகளின் ஈரலுக்கு எங்கள் வீடுகளில் பெரிய சுமை சீனி, அதிலும் குடிக்கும் சீனி. சீனியில் பாதி புரக்டோசு. அதைக் கையாளும் வேலை பெரும்பாலும் ஈரலின் தலையில்தான் விழுகிறது. தேவைக்கு மிஞ்சி வந்தால் ஈரல் அதை அங்கேயே கொழுப்பாக்கும். பானமாக உள்ளே போகும்போது பசி அடங்குவதும் இல்லை.

ஒரு நாள் இதைச் செய்து பாருங்கள். கழுவிக் காயவைத்த வெற்று ஜாம் போத்தல் ஒன்றை அடுப்படியில் வையுங்கள். பிள்ளையின் தேத்தண்ணிக்குச் சீனி போடும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு சீனியை அந்தப் போத்தலிலும் போடுங்கள். கடையில் வாங்கிய பானத்துக்கும் கணக்கு உண்டு. பக்கற்றில் 100 மில்லிலீற்றருக்கு எத்தனை கிராம் சீனி என்று இருக்கும். அதைப் பக்கற்றின் அளவால் பெருக்கி, நூறால் வகுத்து, வந்ததை ஐந்தால் வகுத்தால் அத்தனை தேக்கரண்டி. 180 மில்லிலீற்றர் பக்கற்றில் 9 கிராம் என்று போட்டிருந்தால் 16 கிராம், மூன்று கரண்டிக்குச் சற்று மேல்.

வகுப்புக்குப் போகும் பிள்ளையின் சாதாரண நாள் ஒன்றை எடுங்கள். காலைத் தேத்தண்ணிக்கு 2 கரண்டி. இடைவேளையில் மோல்ட் பால் பக்கற் 3. வகுப்புக்குப் போகும் முன் தேத்தண்ணி 2. வகுப்பு விட்டதும் கிறீம் பிஸ்கட் நாலு, அதில் ஏறக்குறைய 3. படுக்கும் முன் சீனி போட்ட பால் 2. போத்தலில் 12 கரண்டி, 60 கிராம் சேர்ந்திருக்கும். பிள்ளைக்கு நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது 5 கரண்டிக்குள் நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் சோடாவும் இல்லை, கலியாண வீட்டு ஐஸ்கிறீமும் இல்லை. போத்தலைப் பிள்ளையே கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

குறைப்பதைப் படிப்படியாகச் செய்யுங்கள். இரண்டு கரண்டி போட்டால் இந்த வாரம் ஒன்றரை, அடுத்த இரண்டு வாரம் ஒன்று, பிறகு அரை. நாக்கு பழகிவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை பக்கத்து வீட்டில் குடிக்கும். கருப்பட்டி, கித்துள் பாணி, தேன் எல்லாம் ஈரலுக்குச் சீனிதான். 'இயற்கையானது' என்று மாற்றுவதால் ஒன்றும் மாறாது. டின்பாலில் பாதிக்கு மேல் சீனி, அதை வீட்டில் வைக்கவே வேண்டாம். குளிர்பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்ட 2016 முதல் வந்த நிற வட்டத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல். செம்மஞ்சள் வட்டத்தைப் பார்த்து நல்லது என்று எடுத்துவிடுகிறார்கள், அதிலும் ஒரு போத்தலுக்கு நாலைந்து கரண்டி இருக்கும். பழத்தைப் பிழிந்து கொடுக்காமல் கடித்துச் சாப்பிடக் கொடுங்கள்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. 2019 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் கொழுப்பு ஈரல் உள்ள 11 முதல் 16 வயது ஆண் பிள்ளைகள் 40 பேரைப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சேர்த்த சீனி அநேகமாக இல்லாத சாப்பாடு எட்டு வாரம். அவர்களின் ஈரல் கொழுப்பு 25 வீதத்திலிருந்து 17 வீதத்துக்கு இறங்கியது. வழமையான சாப்பாட்டில் இருந்தவர்களுக்கு 21 இலிருந்து 20, அவ்வளவுதான். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைக்கு மட்டும் கொடுக்கவில்லை, வீட்டில் உள்ள எல்லோருக்கும் கொடுத்தார்கள். தம்பி கோலா குடிக்க அண்ணன் தண்ணீர் குடிப்பது நாலு நாளும் ஓடாது.

இனிச் சோறு. எங்கள் பகுதி வயல்நாடு, சோற்றை விலக்கச் சொல்பவர் இங்கே யாரையும் திருத்தப் போவதில்லை. தட்டை மாற்றி நிரப்புங்கள். பாதித் தட்டு கீரை, மரக்கறி. கால் தட்டு மீன், முட்டை அல்லது பருப்பு. மிச்சக் கால் தட்டு தீட்டாத சிவப்பரிசிச் சோறு. முதலில் மரக்கறியையும் மீனையும் வைத்துவிட்டு, சோற்றைக் கடைசியில் வைத்தால் அளவு தானாகக் குறையும். இரண்டாம் தரம் கேட்டால் இருபது நிமிடம் பொறுத்துக் கொடுங்கள், மறுக்க வேண்டாம். களப்பு மீன், இறால், சூடை, நெத்தலி எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். பொரிக்காமல் ஆக்கிக் கொடுங்கள். பிட்டு, இடியப்பம் வைக்கும் நாளில் கறியைக் கூட்டி அவற்றைக் குறையுங்கள். வெறும் சம்பலோடு பத்து இடியப்பம் சாப்பிடுவதுதான் பிழை.

தேங்காய்ப் பாலை ஒழிக்க வேண்டியதில்லை. முதற்பாலைப் பாதியாக்கி, சொதியை இரண்டாம் பாலில் வையுங்கள். எங்கள் எருமைத் தயிர் நல்ல சாப்பாடு. அதைக் கெடுப்பது மேலே கொட்டும் சீனியும் பாணியும். கதலிப் பழம் ஒன்றைப் பிசைந்து சாப்பிட்டால் போதிய இனிப்பு.

வகுப்புப் பசிக்கு அவித்த கடலை, பாசிப்பயறு, அவித்த சோளம், அவித்த முட்டை, ஒரு கொய்யாப்பழம். கஜு நல்லதுதான், ஒரு பிடி போதும். ரோல்ஸ், வடை, கொத்து ரொட்டி வாரத்தில் ஒரு நாள் என்று வையுங்கள். வகுப்பு வாசலில் தினமும் பொரித்ததை வாங்கக் காசு கொடுத்துவிட்டு, வீட்டில் எண்ணெயை அளப்பதில் பயன் இல்லை.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறது, வெல்வெட் துணி மாதிரி. தேசிக்காய் தேய்த்தும் போகவில்லை. ஊத்தை என்று பள்ளியில் பிள்ளைகள் சொல்கிறார்களாம்.
– ஓர் உம்மா, காத்தான்குடி

அது ஊத்தை இல்லை, தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகும், இன்னும் கறுக்கும். இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுற்றும்போது தோல் இப்படித் தடிக்கும். கக்கத்தையும் விரல் மொழிகளையும் பாருங்கள், அங்கேயும் இருக்கக்கூடும். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியவில்லை என்பதற்கு இது வெளியே தெரியும் அடையாளம். ஈரலில் கொழுப்புச் சேர்வதும் அதே வழியில்தான்.

நிறை கூடிய பிள்ளைக்குக் கழுத்து கறுத்திருந்தால் எஸ்ஜிபிடி, வெறும் வயிற்றுச் சீனி, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி மூன்றையும் பார்க்க வேண்டும். மகள் பெரிய பிள்ளையாகி இருந்து மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். ஓயாத தாகமும் இரவில் பல தடவை சிறுநீரும் இருந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

நிறை கட்டுக்குள் வர, மாதக் கணக்கில் கறுப்பு மெல்ல மெல்ல மங்கும். பூச்சு மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நோன்பு காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நோன்புக் கஞ்சி நல்லது. பிரச்சினை அதற்கு முன்னும் பின்னும் குடிக்கும் சர்பத்து. வகுப்பு ஆசிரியையிடம் இது ஒரு தோல் மாற்றம் என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பிள்ளைக்குப் பெரிய உதவி.

மகன் ஒல்லி. நாங்கள் மச்சான் மச்சாள் முறையில் கட்டியவர்கள். வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு என்றார்கள். 'சாப்பாட்டைக் குறையுங்கள்' என்று ஒருவர் சொன்னார். ஒல்லிப் பிள்ளைக்கு என்னத்தைக் குறைப்பது?
– திருக்கோவில்

எதையும் குறைக்காதீர்கள். இந்த இதழில் அவசரமாகப் பதில் தேவைப்படும் கடிதம் உங்களுடையது. ஒல்லியான பிள்ளையின் ஈரலில் கொழுப்பு என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். முதலில் தேட வேண்டியது வில்சன் நோய். உடம்பு செப்பை வெளியேற்ற முடியாமல் ஈரலில் சேர்த்துவைக்கும் பிறவிக் குறைபாடு இது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பழுதான மரபணுவை வெளியே தெரியாமல் வைத்திருந்து, இரண்டும் ஒரு பிள்ளையில் சேரும்போது நோய் வெளிப்படும். நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இது நேர வாய்ப்புக் கூட.

இரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செப்பு, கண் வைத்தியரின் கருவிழிப் பரிசோதனை ஆகியவைதான் ஆரம்பச் சோதனைகள். ஒரு நாள் முழுவதும் சிறுநீரைச் சேர்க்க வைத்தியசாலை தரும் பாத்திரத்தையே பாவியுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை ஊற்றிவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு துளியும் விடாமல் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு தடவை தவறினாலும் கணக்குப் பிழைக்கும், திரும்பத் தொடங்குங்கள். கருவிழியில் செப்புப் படிந்த வளையம் இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகளில் ஈரலில் மட்டும் இருக்கும் கட்டத்தில் அது பெரும்பாலும் தெரியாது.

கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது. பெனிசிலமைன், நாகச்சத்து மாத்திரைகளை உயிருள்ளவரை விடாமல் எடுத்தால் பிள்ளை நன்றாக வாழும். விட்டுவிட்டால் ஈரலும் மூளையும் கெடும். ஒரு பிள்ளைக்கு உறுதியானால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாவிட்டாலும் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று. நீண்ட காலம் ஸ்டீரொயிட் அல்லது வலிப்புக்கான வல்புரோயேற் எடுக்கும் பிள்ளைக்கும் ஈரலில் கொழுப்புச் சேரலாம். அந்த மருந்துகளை நீங்களாக நிறுத்தக்கூடாது, டொக்டரிடம் பெயரைச் சொல்லுங்கள். மகன் படியேறக் கஷ்டப்பட்டால் அல்லது நிலத்தில் இருந்து எழும்பத் தன் தொடையைப் பிடித்து எழும்பினால் அதையும் சொல்ல மறக்காதீர்கள். எஸ்ஜிபிடி ஈரலில் இருந்து மட்டுமல்ல, பழுதான தசையில் இருந்தும் வரும்.

கீழ்க்காய்நெல்லி அரைத்து மோரில் கொடுத்தால் ஈரல் கொழுப்புக் கரையும் என்கிறார்கள். மருந்துக்கடையில் 'லிவர் டொனிக்' வாங்கலாமா? மாத்திரை ஏதும் இல்லையா?
– சம்மாந்துறை

பிள்ளைகளின் கொழுப்பு ஈரலுக்கென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. விற்றமின் ஈ, மெற்போமின் இரண்டையும் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2011 இல் வந்தது. எஸ்ஜிபிடியை நிலையாக இறக்குவதில் இரண்டும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருக்கவில்லை. விற்றமின் ஈயை வைத்தியர் சில பிள்ளைகளுக்கு யோசித்துத் தருவார், நீங்களாக வாங்க வேண்டாம்.

கீழ்க்காய்நெல்லி பிள்ளையின் ஈரலில் உள்ள கொழுப்பைக் கரைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. வல்லாரைச் சம்பல், முருங்கை இலைச் சுண்டல், பொன்னாங்காணி எல்லாம் சாப்பாடாகக் கொடுங்கள், நல்லது. பயப்பட வேண்டியது செறிவாக்கி விற்கும் வில்லைகளும் 'ஈரல் சுத்தம்' செய்யும் பொடிகளும்தான். மிளகுச் சத்துச் சேர்த்த மஞ்சள் வில்லையால்கூட ஈரல் அழற்சி வந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. கறிக்குப் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் ஒளிக்காமல் அந்தப் பக்கற்றையே டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். யாரும் ஏச மாட்டார்கள், ஏசினாலும் பரவாயில்லை.

பேரன் பிறக்கும்போது 2.1 கிலோ. இப்போது பதினான்கு மாதம், கொழுகொழு என்று இருக்கிறான். பாலில் சீனி போட வேண்டாம் என்று மிட்வைஃப் சொல்கிறா. சின்னதாகப் பிறந்த பிள்ளையை நன்றாக ஊட்ட வேண்டாமா?
– அம்மம்மா, செங்கலடி

உங்கள் ஆசை விளங்குகிறது அம்மா. ஆனால் மிட்வைஃப் சொல்வதுதான் சரி. நிறை குறைந்து பிறந்து பிறகு வேகமாக நிறை ஏறும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் ஈரல் கொழுப்பும் நீரிழிவும் வரும் வாய்ப்புக் கூடுதல். இரண்டு வயது வரை சேர்த்த சீனியே வேண்டாம். தாய்ப்பால் தொடரட்டும். கிளினிக் கொப்பியில் வயதுக்கு ஏற்ற நிறைக் கோட்டை மட்டும் பார்க்காமல், உயரத்துக்கு ஏற்ற நிறைக் கோட்டையும் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் அதில் கூட்டல் 2 கோட்டைத் தாண்டினால்தான் நிறை கூட என்பார்கள். மூத்த பிள்ளைக்கோ மருமகளுக்கோ தந்த திரிபோஷாச் சத்துமாவை இவனுக்குக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அது தேவையானவர்களுக்கு அளந்து தருவது.

கல்முனை டவுனுக்குள் வீடு. முற்றம் இல்லை, மைதானம் தூரம், வெயில். பிள்ளைகள் ஆறு மணி வரை வகுப்பு. எங்கே ஓடி விளையாடுவது?
– ஒரு தந்தை, கல்முனை

நாளைக்கு 60 நிமிடம் வேண்டும், ஆனால் ஒரே இழுவையாக வேண்டியதில்லை. பாடசாலைக்கு நடந்து போய் வந்தால் அதிலேயே அரை மணி. ஆட்டோவை வாசலுக்கு முன்னால் நிறுத்தாமல் பத்து நிமிடத் தூரத்தில் இறக்கிவிடலாம். வீட்டுக்குள் கயிறு பாய்ச்சல்: ஒரு நிமிடம் பாய்ந்து ஒரு நிமிடம் இளைப்பாறிப் பத்துச் சுற்று. நிறை கூடிய பிள்ளை முழங்கால் நோவு என்றால் பாய்ச்சலை விட்டு சைக்கிளும் நடையும். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் ஒரு வசனம் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். அதுதான் அளவு. வெள்ளி, சனி பின்னேரம் நாலரைக்குப் பிறகு கடற்கரை மணலில் கிளித்தட்டு விளையாட விடுங்கள். மணலில் ஓடுவது தார் வீதியில் ஓடுவதைவிடக் கடினம், அரை மணியே நன்றாகக் களைக்க வைக்கும். கடலுக்குள் இறங்க விடாதீர்கள்.

வகுப்புகளில் ஒன்றைக் குறைக்க முடியுமா என்றும் யோசியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் பசி கூடும். கைப்பேசி படுக்கை அறைக்கு வெளியே இருக்கட்டும். பிள்ளை பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்பினால் டொக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் ஈரல் வருத்தத்தோடு சேர்ந்து வருவது.

ஈரலில் கொழுப்பு உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுக்கலாமா?
– ஏறாவூர்

கொடுக்கலாம், அளவோடு. ஒரு தடவைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒரு தடவை, நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. நிறை மிகவும் கூடிய பிள்ளைக்கு முழு நிறைக்கும் கணக்குப் போட்டால் மருந்து அதிகமாகிவிடும். அளவை டொக்டரிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். டெங்கு உள்ள எங்கள் பகுதியில் காய்ச்சலுக்கு அஸ்பிரின், புரூபன் வேண்டவே வேண்டாம். கண் மஞ்சளானால், இரத்தமாக வாந்தி வந்தால், மலம் தார் போலக் கறுத்தால், வயிறு வீங்கினால், பிள்ளை தடுமாறிப் பேசினால் நேரத்தைப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

எனக்குப் பதினான்கு வயது. டொக்டர் ஈரலில் கொழுப்பு என்று சொன்னதில் இருந்து காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை. மூன்று கிலோ குறைந்துவிட்டது. ஆனால் தலை சுற்றுகிறது, இரவில் பசி தாங்காமல் நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வாந்தி எடுக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. இது சரியா?
– அக்கரைப்பற்று

மகள், இதை எழுதியது மிக நல்ல காரியம். பட்டினி கிடந்து நிறையை வேகமாக இறக்கினால் உடம்பில் உள்ள கொழுப்பு ஒரேயடியாக ஈரலை நோக்கி ஓடும், ஈரல் இன்னும் திணறும். வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பலாம். நாளை காலை முட்டையோடு இரண்டு துண்டுப் பாண், அல்லது பயறும் தேங்காய்ப் பூவும் ஒரு கோப்பை சாப்பிடுங்கள். மதியம் சோறு சாப்பிடுங்கள். மூன்று நேரமும் சாப்பிட்டால் இரவில் அந்தப் பசி வராது. நிறுக்கும் தராசை இரண்டு மாதத்துக்குத் தொடவே வேண்டாம்.

அம்மாவிடம் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். தலைச்சுற்றோடு நெஞ்சு படபடத்தால் அல்லது மயக்கம் வந்தால் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அப்படி இல்லாவிட்டாலும் இந்த வாரமே டொக்டரைப் பாருங்கள், வாந்தி எடுத்ததை முதலில் சொல்லுங்கள். பிறகுதான் ஈரல் ரிப்போர்ட்.